மண்வெட்டி படாத நாச்சியார்

“இந்தச் சாமிக்கு வலிக்காதா?”

கரைமேட்டு நாட்டின் இளவரசி நன்முத்து ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. ஒரு நாடு நொடித்துப்போக வேண்டுமானால் படையெடுப்பு வேண்டும், பஞ்சம் வேண்டும், குறைந்தபட்சம் ஒரு கெட்ட மன்னனாவது வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கரைமேட்டு நாட்டுக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. மன்னர் நிலந்தாங்கி நல்லவர். குடிமக்கள் பக்திமான்கள். அமைச்சர்கள் எல்லோரும் குளித்துவிட்டுத்தான் அவைக்கு வருவார்கள். ஒரு குழந்தையின் கேள்வியும், அதற்கு ஒரு பெரியவர் சொன்ன பதிலுமே போதுமானவையாக இருந்தன.

அந்தப் பெரியவர் அறநெறி அமைச்சர் ஆனந்தக்கூத்தர். எறும்புப் புற்றைக் கண்டால் பல்லக்கைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்பவர். சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு கவளமும், சாப்பிட்ட பின் தன் மனசாட்சிக்கு ஒரு கவளமும் வைப்பவர். இரண்டும் சீக்கிரம் திருப்தி அடைந்துவிடும்.

குழந்தை கேட்ட இடம் வெள்ளியேரிக் கரை. அந்த நாட்டுக்கு இருந்தது அந்த ஒரு ஏரிதான். அதை நாச்சியார் என்று அழைத்துக் கும்பிட்டார்கள். அவளுக்கு அங்கே ஒரே ஒரு வழிபாடுதான் உண்டு. கோடையில் நீர் வற்றி அடிமண் தெரியும்போது வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி, ஒரு கூடை வண்டலை அள்ளித் தலையில் சுமந்துபோய்த் தங்கள் வயலில் கொட்ட வேண்டும். வயல் இல்லாதவர்கள் கரையில் கொட்டுவார்கள். கூடை எடுப்பு என்று அதற்குப் பெயர். மந்திரம் கிடையாது, பூசாரி கிடையாது. அதனால் அது ஒரு வழிபாடு என்பதே அறநெறித் துறைக்குத் தெரியாது.

அந்த ஆண்டு கூடை எடுப்பைப் பார்க்க மன்னர் மகளோடு வந்திருந்தார். நூற்றுக்கணக்கான மண்வெட்டிகள் ஏரியின் மடியில் இறங்கி ஏறுவதைக் கண்ட குழந்தைக்கு உதடு பிதுங்கியது. கேட்டுவிட்டாள்.

மன்னரின் கண்கள் கலங்கின. அவர் ஆனந்தக்கூத்தரைப் பார்த்தார்.

சரியான பதில் கூத்தரின் நாக்கு நுனியில்தான் இருந்தது. தலை வாரிச் சிக்கெடுக்கிற மாதிரிதான் தாயி, சிக்கெடுக்காவிட்டால்தான் வலி என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மன்னரின் முகத்தில் அவ்வளவு அழகான ஒரு நெகிழ்ச்சி இருந்தது. அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. யாரையும் வருத்தப்படுத்தாத மனிதர் அல்லவா.

“வலிக்கும் தாயி,” என்றார். “ஆனா நாச்சியார் பொறுத்துக்குவா.”

“என் ஆட்சியில் அவள் எதற்குப் பொறுக்க வேண்டும்?” என்றார் மன்னர்.

மறுநாளே அவை கூடியது. கரைமேட்டு நாட்டில் எந்தச் சட்டமும் மூன்று சமயத்தாரின் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறாது. இறைமுழுதார் என்போர் காண்பதெல்லாம் கடவுள் என்று சொல்பவர்கள். கொடையார் என்போர் காண்பதெல்லாம் கடவுள் மனிதனுக்குக் கொடுத்தது என்று சொல்பவர்கள். தோற்றத்தார் என்போர் காண்பது எதுவுமே உண்மையில் இல்லை என்று சொல்பவர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மூவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட ஒத்துப்போனதில்லை.

அன்று ஒத்துப்போனார்கள். கடவுளை வெட்டக்கூடாது என்றார் இறைமுழுதார் தலைவர். கொடுத்தவன் கொடுத்த நிலையிலேயே கொடையை வைத்திருப்பதுதான் மரியாதை என்றார் கொடையார் தலைவர். இல்லாத ஏரியிலிருந்து இல்லாத மண்ணை எடுப்பது வீண் உழைப்பு என்றார் தோற்றத்தார் தலைவர். ஆனந்தக்கூத்தருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு சமய ஒற்றுமையைத் தன் காலத்திலேயே பார்ப்போம் என்று அவர் நினைத்ததில்லை. நாச்சியார் திருமேனியில் மண்வெட்டி படக்கூடாது என்ற சட்டத்தைத் தன் கையாலேயே எழுதினார். அதில் ‘திருமேனி’ என்ற சொல்லுக்காக அவரைப் பலரும் பாராட்டினார்கள்.

சட்டத்துக்கு நாச்சியார் கட்டுப்பட்டாள். மண் கட்டுப்படவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மேட்டிலிருந்து வண்டல் வந்து இறங்கியது. எடுக்க ஆளில்லாததால் தங்கியது. சில ஆண்டுகளில் எருமை முழுகிக் குளித்த இடத்தில் கொக்கு முழங்கால் நனையாமல் நின்றது.

ஏரி மேடாகிறது என்று சந்தையில் பேச்சு எழுந்தது. சட்ட அமைச்சர் செங்கோடர் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டார். செங்கோடர் கனத்த குரலும் கனத்த மீசையும் உடையவர். சிறிய விஷயத்தைப் பேசும்போதும் ஒரு நாட்டைப் பிரகடனம் செய்பவரைப் போலவே பேசுவார்.

“தெய்வத்தை மேடு என்பதும், குட்டை என்பதும், வற்றியது என்பதும் நிந்தனை. நாச்சியார் தவத்தினால் இளைத்திருக்கிறாள். இனி அவ்வாறே வழங்கப்பட வேண்டும்.”

அவ்வாறே வழங்கப்பட்டது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நாச்சியார் தவத்தில் இருக்கிறாள், அதனால் இந்த வருஷம் கேழ்வரகுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். செத்து மிதந்த மீன்களுக்கு முக்தி கிடைத்தது.

இளைத்தவளுக்கு ஊட்ட வேண்டாமா என்று அடுத்து ஒரு யோசனை வந்தது. அது கூத்தருடையது. வீட்டுக்கு ஒரு படி பால், ஒரு முழம் பட்டு, ஒரு களிமண் பொம்மை வாரந்தோறும் ஏரியில் சேர்க்க வேண்டும் என்று ஆணை போனது. நாச்சியார் அவற்றை உண்டாளோ இல்லையோ, துர்நாற்றம் ஒன்று கிளம்பி அரண்மனை வரைக்கும் வந்தது. அதற்குத் தெய்வீக வாசனை என்று பெயர் வைத்த பிறகு பாதிப் பேருக்கு அது பிடித்துவிட்டது. மீதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஏரி சுருங்கிக் காய்ந்த ஓரங்களுக்கு ‘நாச்சியார் விலகிக்கொடுத்த பூமி’ என்று பெயர் வந்தது. அவள் யாருக்கு விலகிக்கொடுத்தாள் என்பதைச் செங்கோடர் அறிந்திருந்தார். அவருடைய உறவினர்கள் அங்கே பக்தர் விடுதிகள் கட்டினார்கள். மிகச் சிறந்த விடுதிகள் கலங்கலை ஒட்டி அமைந்தன. கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறிப் போகும் வழி. இளைத்த நாச்சியார் நிரம்பப் போவதில்லை என்பதால் வழி எதற்கு என்று அதையும் மூடித் தோட்டம் போட்டார்கள்.

அந்த நாட்டில் ஆண்டுதோறும் தேர்தலும் உண்டு. அரசவையை மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். செங்கோடர் அணி நாச்சியாருக்குப் பனைமரம் உயரத்தில் சிலை என்றது. எதிரணி, பனைமரத்தின் மேல் ஒரு ஆள் நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் சிலை என்றது. மண்ணைப் பற்றி இரண்டு அணியும் பேசவில்லை. நாட்டின் முதல் குடிமகள் என்ற முறையில் நாச்சியாருக்கும் ஓட்டு உண்டு என்று கடைசி நேரத்தில் தீர்ப்பு வந்தது. அவள் சார்பில் செங்கோடர் ஓட்டுப் போட்டார். அந்த ஒரு ஓட்டில் அவர் அணி வென்றது.

தேர்தல் முடிந்த கோடையில்தான் காத்தாயி ஆனந்தக்கூத்தரின் வீட்டுக்கு வந்தாள்.

காத்தாயி ஓரத்துக்குடிக்காரி. ஏரிக்கரைக்குக் கீழே, ஒரே ஒரு மடையின் தண்ணீரை நம்பி நாற்பது வீடுகள் உழுது பிழைக்கும் சிற்றூர் அது. கணவன் போன பிறகு வயலையும் ஊர்ப் பஞ்சாயத்தையும் அவள்தான் பார்த்துவந்தாள். பேச்சில் பயம் கிடையாது. தலையில் ஒரு வெறும் கூடை இருந்தது.

“என்னம்மா வேணும்?” என்றார் கூத்தர்.

“ஒண்ணும் வேணாம் சாமி. எடுக்க விடுங்க, அது போதும். எங்க ஊரு பொம்பளைங்க கலங்கல் பக்கம் ஆளுக்கு ரெண்டு கூடை எடுத்துட்டா மழைக்குத் தண்ணி வழி கண்டுக்கும்.”

“மண்வெட்டி திருமேனியில படக்கூடாதுன்னு சட்டம் இருக்கே.”

“இருக்கு. கேள்விப்பட்டேன். உங்க வீட்டுக் கெணத்துல தூர் வாருறீங்களா சாமி?”

கூத்தர் தன் வீட்டுக் கிணற்றின் பக்கம் பார்த்தார். போன மாதம்தான் வாரினார்கள்.

“அந்தக் கெணத்துல இருக்கறதும் நாச்சியார் தண்ணிதானே. ஊத்து எங்கேர்ந்து வருது? உங்க வீட்டு நாச்சியாருக்கு மட்டும் தோல் கெட்டிபோல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்பதால் இருமினார். “அவையில வச்சுக் கேட்கறேன் காத்தாயி. மூணு சமயத்தாரும் ஒத்துக்கணும்.”

“கேளுங்க. மேகம் அதுவரைக்கும் வெளியில குந்தியிருக்கும்.”

அவர் கேட்கத்தான் நினைத்தார். முதல் அவையில் சிலையின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்ற விவாதம் நீண்டது. இரண்டாம் அவையிலும் அதுவே நீண்டது. மூன்றாம் அவைக்கு முன் மழை வந்துவிட்டது.

அது பெரிய மழைகூட இல்லை. பழைய ஏரி அதை ஒரு மடக்கில் குடித்திருக்கும். இப்போது குடிக்க வயிறு இல்லை, வெளியேறக் கலங்கல் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் நாச்சியார் நகரத்துக்குள் நடந்துவந்தாள். தெய்வம் வீடு தேடி வருகிறது என்று முதலில் சிலர் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார்கள். தட்டு மிதந்து போன பிறகு மாடிக்கு ஏறினார்கள்.

ஆனந்தக்கூத்தரின் வீட்டில் மாடி இல்லை. எளிமைக்குப் பேர்போனவர். பூஜையறை அலமாரியின் மேல் ஏறி, மழைக்காகத் தாமே இயற்றிய பதிகத்தைப் பாதிவரை பாடினார். இந்த நேரத்தில் மழையைக் கேட்டுப் பாடுவது பொருத்தமா என்ற ஐயம் வந்து நிறுத்திக்கொண்டார். அப்போது சன்னலுக்கு வெளியே ஒரு பரிசல் வந்து இடித்தது.

“எறங்குங்க சாமி,” என்றாள் காத்தாயி. “அலமாரி உங்கள விட வயசானதாத் தெரியுது.”

பரிசலில் நான்கு பெண்களும் மண்வெட்டிகளும் இருந்தன. அவர்கள் கலங்கலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் இவர் வீடு.

“என்னைக் கோயில் மேட்டுல விட்டுடுங்கம்மா,” என்றார்.

“அங்க போக நேரமில்ல. ஊரு முழுகுது. எங்களோட வாங்க. பாத்துக்கிட்டு இருங்க, இல்ல கண்ண மூடிக்கங்க. உங்க இஷ்டம்.”

அவர் கண்ணை மூடிக்கொள்ளத்தான் எண்ணினார். ஆனால் கலங்கலில் இடுப்பளவு நீரில் அந்தப் பெண்கள் தோட்டத்து மண்ணை வெட்டித் தள்ளுவதை, வெட்ட வெட்ட நீர் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவதைக் கண்டபோது அவர் இறங்கிவிட்டார். ஏன் இறங்கினார் என்பதற்கு மூன்று சமயத்தில் எதிலும் ஆதாரம் கிடையாது. ஒரு மண்வெட்டி சும்மா கிடந்தது, எடுத்தார். முதல் வெட்டில் தன் கால் விரலுக்கு அருகில் போட்டார். காத்தாயி அவர் கையை மண்வெட்டிக் காம்பில் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தாள். பொழுது சாயும் முன் கலங்கல் வாய் திறந்தது. தண்ணீர் ஒரு பெருமூச்சுப் போல அதன் வழியே போயிற்று. நகரம் தப்பித்தது.

வெள்ளம் வடிந்ததும் அரசு தன் கடமையைச் செய்தது. வழக்குத் தொடுத்தது.

முதல் வழக்கு நாச்சியார் மீது. எல்லை மீறி நகருக்குள் புகுந்து, பக்தர் விடுதிகளை ஆக்கிரமித்த குற்றம். காவலர் ஏரிக்கரையில் நின்று மூன்று முறை அவள் பெயரைக் கூவினார். வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை வந்ததுதான் வழக்கு என்பதால் வராததை நல்ல நடத்தையாகக் கொண்டு எச்சரித்து விட்டார்கள்.

இரண்டாம் வழக்கு காத்தாயி மீது. தெய்வத்தின் திருமேனியில் மண்வெட்டியால் காயம் விளைவித்த குற்றம். மன்னர் நடுவில் அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம் அறநெறி அமைச்சர். அவருடைய உள்ளங்கைக் கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை. கைகளைக் கூப்பியே வைத்திருந்தார். எல்லோரும் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

“வெட்டினாயா?” என்றார் செங்கோடர்.

“வெட்டினேங்க.”

“நாச்சியார் உனக்குத் தாய் அல்லவா?”

“தாய்தாங்க. தாய்க்குத் தொண்டையில கட்டி வந்தா வைத்தியர் கீறமாட்டாரா? நானும் கீறினேன். நீங்கள்லாம் உசுரோட உக்காந்து விசாரிக்கிறீங்க.”

அவையில் ஒரு சலசலப்பு ஓடியது. செங்கோடர் மீசையை நீவினார்.

“உன்னோடு இருந்தவர்கள் யார் யார்? ஆண் ஒருவரும் இருந்ததாகக் கேள்வி. பெயரைச் சொன்னால் தண்டனை பாதியாகும்.”

காத்தாயி அவையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் பார்வை ஆனந்தக்கூத்தர் மீதும் வந்தது. எல்லோர் மீதும் தங்கிய அளவுதான் அவர் மீதும் தங்கியது.

“நான் ஒருத்திதாங்க. மழையில யாரு யாரப் பாத்தா?”

எழுந்து நின்று நானும்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்பது கூத்தருக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகள் மற்றவர்களுக்கு அவர் சொல்லிவந்த அறவுரைகளில் பாதி இந்த மாதிரி இடங்களைப் பற்றித்தான். அவர் எழத்தான் பார்த்தார். முழங்கால் சம்மதிக்கவில்லை. தெய்வ சித்தம் போலும் என்று முழங்காலை மன்னித்தார்.

தண்டனை கனிவானதாகவே இருந்தது. சிறை இல்லை, கசையடி இல்லை. பிராயச்சித்தமாக இந்தப் போகம் முழுவதும் ஓரத்துக்குடி மடை அடைக்கப்படும். நாச்சியாரின் நீர் அந்த ஊருக்குப் போகாது. அறநெறி அமைச்சர் தம் கையால் முத்திரை வைக்க வேண்டும்.

மடைப் பலகையை இறக்கி, விளிம்பெல்லாம் களிமண் அப்பி, அதன் மேல் கூத்தர் தன் மோதிர முத்திரையை வைக்கும்போது ஊரே கரையில் நின்றது. கீழே நாற்பது வீட்டு நெல்லும் பச்சையாக நின்றது. இன்னும் சில வாரத்தில் கதிர் பால்பிடிக்கும். அப்போது ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் அத்தனையும் பதராகும். அந்த ஊரில் வேறு சாப்பாடு இல்லை.

காத்தாயி அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

“நல்லா அழுத்துங்க சாமி. ஓரத்துல கசியுது.”

காவலர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். கூத்தர் தலை நிமிராமலே கேட்டார்: “என் பேர ஏம்மா சொல்லல?”

“சொல்லி? உங்களத் தூக்கிட்டு அந்த எடத்துல இன்னொருத்தர வைப்பாங்க. வர்றவரு கையால மண்ணத் தொடாதவரா இருப்பாரு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “கொப்புளத்துக்கு விளக்கெண்ண போடுங்க. கும்பிட்டா ஆறாது.”

அன்றிரவு கூத்தருக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சிக்கு வைத்த கவளத்தை அது தொடவில்லை.

அவர் தனக்குத் தெரிந்த வழியில் முயன்றார். தெரிந்த வழி பக்திதான். அடுத்த அவையில் எழுந்து, நாச்சியார் தன் கனவில் வந்து, என் மடியில் சேர்ந்த வண்டல் என் பிரசாதம், பக்தர்கள் ஆளுக்கொரு கூடை எடுத்துப் போகட்டும் என்று அருளியதாகச் சொன்னார். வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய். மிகவும் நன்றாக வந்திருந்தது. குரல்கூடத் தழுதழுத்தது. மண் விலகினால் நாச்சியார் ஆழம் பெறுவாள், பிறகு மன்னரின் மனமும் இளகும், மடை திறக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். புத்திசாலி என்று தன்னைப் பற்றி ஒரு முழு மாலை நினைத்துக்கொண்டார்.

அவை அவரைவிடப் புத்திசாலி.

“பிரசாதத்தைக் கண்டவர் கண்டபடி அள்ளலாமா?” என்றார் செங்கோடர். “முறைப்படி எடுத்து முறைப்படி வழங்க ஒரு பொறுப்பாளர் வேண்டும்.”

பொறுப்பாளர் அவருடைய மருமகன். நகரத்துப் பக்கக் கரையில் மாட்டுவண்டிகள் வரிசை கட்டி இறங்கின. வண்டல் தீர்ந்ததும் அடியில் மணல் வந்தது. மணலும் பிரசாதமே என்று விளக்கம் வந்தது. பாதி எழுந்திருந்த நாச்சியார் சிலையை முடிக்கவும், இடிந்த விடுதிகளைப் பெரிதாக எழுப்பவும் அந்தப் பிரசாதம் போயிற்று. ஏரியின் அந்தப் பக்கத்தில் யானை விழுந்தாலும் தெரியாத குழிகள் உண்டாயின. கடவுளின் உடல் உலகெங்கும் பரவட்டும் என்றார் இறைமுழுதார் தலைவர். கொடுத்ததை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது கொடுத்தவனுக்கு அவமதிப்பு என்றார் கொடையார் தலைவர். இல்லாத மணலை எடுப்பதை யார் தடுக்க முடியும் என்றார் தோற்றத்தார் தலைவர். மக்களுக்கு வாழையிலைத் துண்டில் ஒரு சிட்டிகை வண்டல் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு போனார்கள். குற்றம் செய்த ஊர் என்பதால் ஓரத்துக்குடிக்குச் சிட்டிகையும் கிடையாது.

இனி ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் கூத்தர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். குழந்தைக்குச் சொன்ன பதில் ஒரு ஏரியைத் தூர்த்தது. ஊட்டச் சொன்னது நாறடித்தது. கனவு கண்டதாகச் சொன்னது குழி பறித்தது. அடுத்த கருணைக்கு நாடு தாங்காது.

சிலையின் குடமுழுக்கு வந்தது. அடுத்த தேர்தலும் வரவிருந்தது. மன்னர் தினமும் தரிசிக்க வசதியாக நாச்சியார் ஏரிப் பக்கமாக இருந்த அரண்மனையைப் பார்த்து நின்றாள். ஆகவே அவளைக் கும்பிட வந்த கூட்டம் முழுவதும் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றது. ஏரி நீர் பட்டால் தோல் அரிக்கிறது என்று விருந்தினர் சொன்னதால், அபிஷேகத்துக்குப் பக்கத்து நாட்டிலிருந்து குடங்களில் நீர் வந்தது. கூட்டம் குறையக்கூடாது என்று ஒவ்வொரு ஊருக்கும் வண்டிகள் போயின. ஏறியவர்களுக்குப் புளிசாதப் பொட்டலம். ஏறாதவர்களையும் ஏற்றினார்கள். ஓரத்துக்குடியில் நாய்களைத் தவிர யாரும் மிச்சமில்லை.

முதல் குடத்து நீரை ஊற்றும் உரிமை அறநெறி அமைச்சருடையது. அவர் செங்கோடரை ஓரமாக அழைத்தார்.

“இடுப்பு பிடிச்சிருக்கு செங்கோடரே. ஏணி ஏற முடியாது. நீங்களே ஊத்திடுங்க.”

செங்கோடரின் மீசை நடுங்கியது. “அண்ணே, இப்படி ஒரு பெருந்தன்மைய நான் யார்கிட்டயும் பாத்ததில்ல.”

“பேசவும் நீங்களே பேசிடுங்க.”

“கொஞ்சம் நீளமாப் பேசலாமா?”

“தாராளமா.”

செங்கோடரின் உரை எவ்வளவு நேரம் போகும் என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும். உச்சி வெயிலில் ஆனந்தக்கூத்தர் ஏரிக்கரை மேல் நடந்தார். பல்லக்கு இல்லை. செருப்பையும் எங்கோ விட்டுவிட்டார். கரை சுட்டது. நடக்கும்போது வழக்கமாக உதட்டில் ஓடும் நாமாவளி அன்று ஓடவில்லை. ஏனென்று அவரும் தேடவில்லை.

கீழே நெல் பால்பிடித்து நின்றது. வயல் வெடித்திருந்தது. சில பாத்திகளின் தலைப்பில் மட்டும் ஈரம் தெரிந்தது. பெண்கள் ஊர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஊற்றியிருக்க வேண்டும். அந்த ஈரம் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை.

அவர் மடையில் இறங்கினார். தன் முத்திரையை விரல் நகத்தால் பெயர்த்தார். காய்ந்த களிமண் வரவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தட்டினார். பலகையின் பின்னால் பட்டுத் துணியும் பொம்மைத் தலைகளும் அடைத்துக் கிடந்தன. எல்லாம் அவர் ஆணையில் போட்டவை. கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டார். பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். இடுப்பு உண்மையாகவே பிடித்துக்கொண்டது. பொய் சொன்ன இடுப்பு, சரிதான் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினார்.

தண்ணீர் வந்தது. கலங்கி, நாற்றத்தோடு வந்தது. வயல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வெடிப்புகள் சிறு சிறு சத்தத்தோடு குடித்தன. அவர் வாய்க்காலோடு கூடவே நடந்தார். ஓர் இடத்தில் எலி வளை வழியாக நீர் வீணாக ஓடியது. குதிகாலால் மிதித்து அடைத்தார். காத்தாயியின் வயல் எது என்று அவருக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் போய்ச் சேரட்டும் என்று கடைசிப் பாத்தி நனையும் வரை வரப்பில் நின்றார். நகரத்திலிருந்து செங்கோடரின் குரல் காற்றில் விட்டு விட்டு வந்தது. நாச்சியாரின் கருணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி வயலும் பளபளத்தபோது கூத்தர் திரும்பி வந்து பலகையை இறக்கினார். மடை திறந்திருந்தால் மறுபடியும் காத்தாயியைத்தான் விசாரிப்பார்கள். ஈரக் களிமண்ணை எடுத்து விளிம்பெல்லாம் அப்பினார். இந்த முறை ஓரத்தில் கசியவில்லை. மோதிரத்தைக் கழற்றாமலே, கை முழுவதும் சேறாக, முத்திரையை அழுத்தி வைத்தார். துணிகளையும் பொம்மைத் தலைகளையும் மேல்துண்டில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

காவலர் வந்து பார்த்தால் முத்திரை முத்திரையாக இருக்கும். ஊர்க்காரர்கள் வந்து பார்த்தால் வயல் நனைந்திருக்கும். அவர்கள் அதற்கு என்ன பெயர் வைப்பார்களோ வைத்துக்கொள்ளட்டும்.

நாச்சியார் பார்த்தாளா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கரையேறி நடந்தார்.